சந்தைச் சுவரின் விலை

முன்னொரு காலத்தில், சுவருக்குக் காது மட்டும்தான் உண்டு என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த நாளில், வெண்ணாவல் நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் எடுத்த முடிவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. அவர் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பதே மந்திரி அம்பலக்கூத்தருக்கு முழு உத்தியோகமாக இருந்தது.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கரை உடைந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் கல் வைத்துக் கட்டாவிட்டால் கீழே உள்ள ஊர்களின் நெல்லெல்லாம் வெள்ளத்தோடு போய்விடும். அம்பலக்கூத்தர் ஊர் ஊராகப் போய், "கரைக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தார். கஜானாவில் அதற்கென்று பொன்னும் ஒதுக்கியாயிற்று.

அப்போதுதான் மாறாந்தை சபைக்கு வந்தான். ராஜாவுக்கு ஆலோசகன். மந்திரியின் ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எச்சில் விழுங்குகிறவன்.

"மகாராஜா, சந்தையில் என் மைத்துனன் கட்டிய சுவரைப் பார்த்தீர்களா?"

பார்க்காதவர் யார்? நீளமான கருங்கல் சுவர், வெள்ளையடித்தது. யார் வேண்டுமானாலும் கரித்துண்டால் எதையும் எழுதலாம். காசு கிடையாது, கரியும் இலவசம். 'இன்று எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு' என்று ஒருத்தி எழுதுவாள். பிடித்தவர்கள் அடியில் மஞ்சள் பொட்டு வைப்பார்கள். பொட்டு குறைந்தால் அன்று அந்த வீட்டில் குழம்பு யாருக்கும் இறங்காது. ராஜாவே மாறுவேஷத்தில் போய் 'நம் ராஜா அழகர்' என்று எழுதிவிட்டு, பொட்டு விழுகிறதா என்று மரத்தடியில் காத்திருந்ததாகப் பேச்சு.

"அதை அரண்மனை வாங்கிவிட வேண்டும், மகாராஜா. விலை, ஏரிக்கரைப் பொன் முழுவதும்."

அம்பலக்கூத்தர் குரலை மாற்றாமல் கேட்டார்: "சுவரால் இதுவரை வருமானம் என்ன?"

"வருமானத்தைக் கேட்பது மளிகைக்கடைப் புத்தி, மந்திரியாரே. ஊர்க் கண்ணெல்லாம் அங்கே இருக்கிறது. கண் இருக்கிற இடத்துக்குப் பொன் வரும்."

"எப்போது வரும்?"

"வரும்போது வரும்."

"நாளைக்கே எதிரே வேறொருவன் சுவர் கட்டினால்?"

"கட்டட்டுமே. ஜனங்கள் இதை விட்டுப் போகமாட்டார்கள். கண்ணுக்கு ஒரு பொன் என்று போட்டாலும் இது மலிவு."

ராஜா மீசையைத் தடவினார். "கண்ணுக்கு ஒரு பொன். இந்தக் கணக்கு எனக்கே புரிகிறது, ஆகவே சரியாகத்தான் இருக்கும். மந்திரியாரே, அமாவாசைக்குள் இது தப்பென்று காட்டும். இல்லாவிட்டால் பொன் சுவருக்கு, உம்முடைய ஆசனம் மாறாந்தைக்கு."

மறுநாள் சுவருக்கு எதிரே ஒரு கம்பம் முளைத்தது. உச்சியில் பட்டுத்துணி போர்த்திய ஏதோ ஒன்று. கீழே ஈட்டி பிடித்த இரண்டு வீரர்கள். மந்திரி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பேச்சு.

கருவாட்டுக்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்தாள். "அப்படி என்னய்யா இருக்கு உள்ளே?"

"பார்க்கக் கூடாது."

"கூடாதுன்னா பார்க்கிற மாதிரி ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஊரே கம்பத்தடியில் நின்றது. கத்தரிக்காய்க் குழம்பு எழுதியவள் அன்று உலையே வைக்கவில்லை. சுவரில் ஓர் ஆடு மட்டும் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாறாந்தையின் மைத்துனனும் கூட்டத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான். ராஜா பல்லக்கில் வந்து இறங்கினார். "பார்க்கக் கூடாது" என்றான் வீரன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. அதிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அமாவாசையன்று கம்பத்தைச் சபைக்கே கொண்டுவந்து நட்டார்கள்.

"மாறாந்தையாரே, ஊர்க் கண்ணெல்லாம் இப்போது எங்கே?" என்றார் மந்திரி.

"கம்பத்தில்."

"கண்ணுக்கு ஒரு பொன் என்றது நீங்கள். நமக்குள் என்ன, அரைப் பொன்னுக்கே தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்."

"வாங்கும் ஐயா!" என்று ராஜா குதித்தார். "பாதிக்குப் பாதி லாபம்!"

மாறாந்தைக்கு வியர்த்தது. சொந்தப் பொன் என்றதும் மனிதனுக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிடுகிறது. "உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் எப்படி வாங்குவது? நாளைக்கு ஜனங்கள் வேறு எதையாவது வேடிக்கை பார்க்கப் போய்விட்டால் என் பொன் என்னாவது?"

மாறாந்தை வாயைப் பொத்திக்கொண்டான், கொஞ்சம் தாமதமாக.

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்று மந்திரி துணியை இழுத்தார். உள்ளே ஒரு திருஷ்டிப் பானை. கத்தரித் தோட்டத்தில் நடுவார்களே, சுண்ணாம்புப் புள்ளியும் கரி மீசையுமாக, அதுதான்.

"மகாராஜா, கண்ணை இழுப்பதுதான் இதன் வேலை. அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் குடியானவன் பயிரைக் காக்கப் பானை வைப்பான். பயிரை விற்றுப் பானை வாங்கமாட்டான்."

ராஜா பானையை வெகுநேரம் பார்த்தார். "மீசை என்னுடையது போல இருக்கிறதே?"

"நல்ல மீசை எல்லாம் அப்படித்தான் இருக்கும், மகாராஜா."

ராஜா சிரித்தார். பிறகு சபையும் சிரித்தது. தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்திவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் அந்தச் சுவருக்கு விலையே இல்லையா?"

"உண்டு. நல்ல கருங்கல். கல் விலைக்கு வாங்கலாம்."

அப்படியே வாங்கினார்கள். சந்தை ஜனங்கள் பார்க்க, ராஜாவின் உத்தரவுப்படி மாறாந்தை தன் தலைப்பாகையைச் சும்மாடாகச் சுற்றிக் கல் சுமந்து வண்டியில் ஏற்றினான். அந்தக் கல்லால் ஏரிக்கரை எழுந்தது, ஒதுக்கிய பொன்னுக்குள்ளேயே வேலை முடிந்தது.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கரை நின்றது. தை பிறந்து நெல் வீட்டுக்கு வந்தபின் ஒருத்தி கரையோரம் நடந்துபோனாள். வெளிப்பக்கத்துக் கல்லொன்றில் 'கத்தரிக்காய்க் குழம்பு' என்று பாதி அழிந்த கரியெழுத்து. தன் கையெழுத்துதான் என்று கண்டுகொண்டாள். எழுத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அந்தக் கல்லுக்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.