ஒட்டிவைத்த கண்ணாடிகள்

"ஆசானே, புதுசா வர்றவங்கள்ல உண்மையான கலைஞர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் நாயகம்.

கேட்டவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆசான் அமலோற்பவத்துக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. வங்கி வேலையை உதறிவிட்டு வந்து, தன்னைவிடச் சின்னவளிடம் கண்ணாடி ஊதும் குழல் பிடிக்கக் கற்றுக்கொண்டவர் நாயகம். ஊரே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை.

அமலோற்பவம் தேர்வுக்கு வந்து மேசையில் இருந்த ஆறு கண்ணாடிப் பொருட்களைப் பார்த்தாள்.

"நல்லா ஒட்டுற பசை இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

அவளுடைய கண்ணாடி உலைக்கூடம் மரக்காணம் தாண்டி, கடலோரமாக இருந்தது. வருடத்துக்கு ஒரு புதுக் கலைஞருக்கு அங்கே இடம் உண்டு. ஓராண்டு தங்கலாம், சாப்பிடலாம், எரிகிற உலையில் ஆசைதீர வேலை செய்யலாம். தனியாக உலை வைத்து எரிக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? இந்த இடம் கிடைத்தால்தான் தொழிலில் நிற்கலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். எரிவாயுச் செலவைச் சென்னை அறக்கட்டளை ஒன்று ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது.

போன வருடம் தேர்வு நடந்த அழகை நாயகம் கூடவே நின்று பார்த்திருக்கிறார். அறக்கட்டளைத் தலைவர் பத்ரிநாத் தேர்வுக்கு வந்த கண்ணாடி ஒவ்வொன்றையும் தூக்குவார், கவிழ்ப்பார், அடியில் கீறியிருக்கும் பெயரைப் படிப்பார். தெரிந்த பெயரென்றால் நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்து "ஆஹா!" என்பார். தெரியாத பெயரென்றால் கவிழ்த்தது கவிழ்த்தபடியே கிடக்கும். ஜெய்னம்பு என்று கீறியிருந்த கிண்ணம் அப்படித்தான் கிடந்தது. விழுப்புரத்தில் கண்ணாடி அறுக்கும் கடையில் வேலை பார்க்கிற பெண்ணாம். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

மறுநாள் காலை பத்ரிநாத் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். வாசலில் காத்து நின்றவர்களைத் தாண்டி உள்ளே வந்து, முதல் ஜாடியைத் தூக்கினார். வரவில்லை. இழுத்தார். மேசை ஆடியது.

"என்ன மேடம் இது? ஒட்டியிருக்கு!"

"ஆமா சார். எல்லாத்தையும் நான்தான் ஒட்டினேன்."

"யார் செஞ்சதுன்னு பார்க்க வேணாமா?"

"என்ன செஞ்சிருக்காங்கன்னு பாருங்க."

"விளையாடாதீங்க. யாரு, எங்க படிச்சாங்க, எந்தக் கண்காட்சியில வச்சாங்க, ஒண்ணும் தெரியாம எப்படிக் கொடுக்கிறது? நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"பார்த்தேன், பிடிச்சுதுன்னு சொல்லுங்க."

கூட வந்த இருவரும் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். அங்கே பலகைதான் இருந்தது. பத்ரிநாத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க ஆதரவு இன்னையோட முடிஞ்சுது. இந்த உலை எப்படி எரியுதுன்னு நானும் பார்க்கிறேன்."

"எரியும் சார். என் வேலைக்கு உலை எரியுற நேரத்துல பாதியை வர்றவங்களுக்குக் கொடுத்துடுறேன். போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க, மாடு உள்ள வந்துடும்."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நாயகம் ஆசானிடம் திரும்பினார்.

"என்ன ஆசானே இப்படிப் பண்ணிட்டீங்க? பாதி நேரத்துல உங்க கண்காட்சிக்கு எப்படிச் செய்வீங்க?"

"கண்காட்சி தள்ளிப்போகும். நீங்க பாருங்கண்ணே. இப்போ நீங்கதான் நடுவர்."

நாயகம் வேண்டாவெறுப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். தோகை விரித்த மயில் இருந்தது. நல்ல மயில்தான், குறை சொல்ல முடியாது. அலை இருந்தது. நீல ஜாடி இருந்தது. கடைசியில் ஒரு பச்சைக் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. விழுந்துவிடுமோ என்று கை நீட்டத் தோன்றியது, ஆனால் விழாது. சாய்ந்த பக்கத்தில் கண்ணாடி தடித்திருந்தது. வெயில் முழுக்க அங்கேதான் இறங்கிக் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். மயிலுக்கு முன்னால் நின்றபோதும் கண் கிண்ணத்துக்கே ஓடியது. சாப்பாட்டு நேரம் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இதுதான்" என்றார் கடைசியில். "ஏன்னு கேக்காதீங்க. இதை விட்டு நகர முடியல."

சொல்லும்போதே அவர் கை கிண்ணத்தைக் கவிழ்க்கப் போனது. கிண்ணம் அசையவில்லை.

அமலோற்பவம் வாய்விட்டுச் சிரித்தாள். நாயகத்துக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் கேட்டார்.

"யார் செஞ்சது ஆசானே?"

"சொல்ல மாட்டேன்."

"உளி வச்சு நெம்பிப் பார்க்கட்டுமா?"

"உடையும்."

"அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"உளி எதுக்குண்ணே? செஞ்ச ஆறு பேரும் காலையிலேர்ந்து வாசல்ல வெயில்ல நிக்கிறாங்க. வந்தவங்களும் அவங்களைத் தாண்டித்தான் வந்தாங்க. நீங்களும் தாண்டித்தான் வந்தீங்க. ஒருத்தர் முகத்தையாவது பார்த்தீங்களா?"

நாயகம் வாசலுக்குப் போனார்.

"அந்தச் சாய்ஞ்ச பச்சைக் கிண்ணம் யாரோடது?"

முக்காடு போட்ட ஒரு பெண் முன்னால் வந்தாள். சண்டைக்கு வந்தவள்போல நின்றாள்.

"என்னோடதுங்க. ஜெய்னம்பு. அது கோணிப்போகல, சாய்ச்சுத்தான் செஞ்சேன். நேராவும் எனக்குச் செய்ய வரும். செய்ய மாட்டேன்."

வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் நாயகத்துக்கு உறைத்தது. ஒதுங்கி வழிவிட்டார்.