நான்காம் எண் தொலைபேசி

குருவுக்கு வயது நாற்பத்துமூன்று, சிஷ்யருக்கு ஐம்பத்தேழு. ஆசிரமம் என்று சொல்லிக்கொள்ள, விமான நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் ஓர் அறை. அதில் எட்டுத் தொலைபேசிகள்.

குருவின் பெயர் பிலோமினா. ஒரு விமான நிறுவனத்தில் ஆபத்துக்கால ஒத்திகைகளை நடத்துகிறவள். விமானம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, யார் என்ன எழுதுவது, யார் எந்தத் தொலைபேசியை எடுப்பது என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பழக்குவாள். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

சிஷ்யர் குலசேகரன், முப்பது வருஷம் ஒரு நாளிதழில் அடுத்தவர் வாக்கியங்களை வெட்டிக்கொண்டிருந்தவர். நாளிதழை மூடியதும் இங்கே அறிவிப்புகள் எழுத வந்தார்.

பெற்றவள் படிப்பாள் என்று நினைத்து எழுதுங்கள் என்று முதல் நாளே டீச்சர் சொல்லியிருந்தாள். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அளவுக்கு மேலேயே பிடித்துக்கொண்டார்.

இல்லாத ஒரு விமானத்தின் எண்ணை ஒத்திகைக்கென்றே வைத்திருந்தார்கள். அதைப் போட்டு எழுதினால் அவருக்குக் கை ஓடாது. அன்று காலை திருச்சியிலிருந்து மஸ்கட்டுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த விமானத்தின் எண்ணைப் போட்டார். உடனே வாக்கியங்கள் வந்தன. மிகுந்த துயரத்துடன் தெரிவிக்கிறோம் என்பதை வெட்டிவிட்டு, உங்களுக்கு இதைச் சொல்ல நேர்ந்தது என்று தொடங்கினார். கடைசியில் நான்காம் எண் தொலைபேசியின் இலக்கத்தைச் சேர்த்தார்.

பழகும் பக்கமும் ஊர் பார்க்கும் பக்கமும் கணினியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அவர் இரண்டையும் திறந்து வைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் அழுத்தினோம் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

சிறிது நேரத்தில் நான்காம் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் அழுதாள். தன் தம்பி அதில் போகிறான் என்றாள்.

ஒத்திகையில் உறவுக்காரர்களாகப் பேசுவது டிக்கெட் பிரிவு சௌந்தரியின் வேலை. கல்லும் கரைகிற மாதிரி அழுவாள். குலசேகரன் ஏட்டில் உள்ளபடி பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பேச்சியம்மாள், சாத்தூர் என்று பதில் வந்தது. ஊர்ப் பேச்சுகூடப் பழகிக்கொண்டாளே என்று அவருக்கு வியப்பு.

“சௌந்தரி, போன தடவையைவிட நல்லா நடிக்கிறீங்க. போதும், சாப்பிடப் போங்க” என்று சிரித்துவிட்டு வைத்தார்.

கதவு திறந்தது. சௌந்தரி மூச்சு வாங்க நின்றாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம், தன் முறை வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அறிவிப்பு பதினோரு நிமிஷம் ஊர் பார்க்க இருந்தது. எடுத்துவிட்டார்கள். தவறுதலாக வெளியானது, விமானம் பத்திரமாகப் பறக்கிறது என்று மறுப்பும் போட்டார்கள். குலசேகரன் மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுத ஆரம்பித்தார். எழுதினார், வெட்டினார், மறுபடி எழுதினார். டீச்சர் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டு, அந்த அம்மாவின் எண்ணை அழுத்தி, நான்காம் தொலைபேசியை நீட்டினாள்.

“என்ன சொல்லட்டும், டீச்சர்?”

“நடுவுல வெச்சுட்டீங்கல்ல, அங்கேருந்து பேசுங்க.”

அவர் தன் பெயரைச் சொன்னார். ஒத்திகை என்றார், தப்பு தன்னுடையது என்றார், விமானத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்.

“அப்ப என்னைய நடிக்கிறேன்னு சொன்ன. இப்ப நடிக்கிறது யாருய்யா?”

தம்பி நன்றாக இருக்கிறார் என்று குலசேகரன் மறுபடி சொன்னார்.

“நல்லா இருக்கான்னா அவன்கிட்ட போனைக் குடு.”

“பறந்துக்கிட்டிருக்காரும்மா. ரெண்டு மணிக்குத்தான் இறங்கும்.”

“அப்ப ரெண்டு மணி வரைக்கும் நீ வைக்காத.”

மணி பன்னிரண்டு கூட ஆகவில்லை. அவர் டீச்சரைப் பார்த்தார். அவள் ஒரு நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினாள்.

பாதியில் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, யாரும் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, அழைப்பைத் துண்டிக்க வேண்டும் என்றார். பாடம் நடக்கிறது, முடிந்ததும் வாருங்கள் என்று டீச்சர் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள்.

பேச்சியம்மாள் நம்பவில்லை. ஆனால் பேசினாள். அம்மா செத்தபோது தம்பிக்கு நாலு வயசு, இவளுக்குப் பதினொன்று. குளம் என்றால் பயம், ராட்டினம் என்றால் பயம், அவனைப் போய் ஆகாசத்தில் ஏற்றினேனே என்றாள். இரண்டு கிலோ சேவு கட்டிக் கொடுத்திருக்கிறாள், அந்த ஊரில் பிடுங்கிவிடுவார்களா என்று கேட்டாள். பிறகு, தொண்டை ஏன் இப்படிக் கரகரக்கிறது, சாப்பிட்டாயா என்று அதட்டினாள். இல்லை என்றதும், சாப்பிடாமல் கிடந்தால் மட்டும் செய்த தப்பு சரியாகிவிடுமா என்றாள். டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். இடது கையில் தொலைபேசியோடு அவர் தயிர்சாதம் சாப்பிட்டார்.

“உனக்கு அக்கா இருக்காளா?”

“இருந்தாங்க.”

சாத்தூரில் ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒரு கோழி கத்திக்கொண்டே போனது. வைத்துவிட்டாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் கேட்பதும் இவர் இல்லை என்பதுமாக மணி ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று.

விமானம் இறங்கிவிட்டதாகத் திரையில் வந்தது. அவர் சொன்னார்.

இரண்டு இருபதுக்கு அந்த வீட்டில் இன்னொரு தொலைபேசி அடித்தது. ஏலே என்று அவள் குரல். அதுவரை அழுத அழுகையெல்லாம் ஒன்றுமில்லை என்று குலசேகரனுக்குப் பட்டது. பிறகு தம்பிக்கு வசவு விழுந்தது. இறங்கியதும் பேசத் தெரியாதா, கை என்ன ஒடிந்தா போயிற்று, சேவு நொறுங்கியதா இல்லையா என்று ஒவ்வொன்றாக. இவரை அவள் மறந்தே போனாள். எப்போதோ இணைப்பு தானாக அறுந்தது.

அவர் தொலைபேசியை வைத்தார். காது சிவந்திருந்தது. டீச்சர் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து அவர் மேஜை மேல் கவிழ்த்தாள்.

“டீச்சர், அடுத்த ஒத்திகையிலயும் இது அடிக்கும். அழறது நிஜமா நடிப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்க, சார்?”