பிரவுன் பெல்ட் பிள்ளை ஏன் அடிக்கவில்லை

சூசை மாஸ்டர் ரொம்பப் பேசமாட்டார். கேட்ட கேள்விக்கே சமயத்தில் பதில் வராது. இதனாலேயே கராத்தே படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு மாசத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். செண்பகவல்லி மட்டும் இருபத்திரண்டு வருஷமாக விடாமல் வந்துகொண்டிருக்கிறாள். இப்போது அவளே டீச்சர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மாடியேறி வந்தபோது மாஸ்டர் கொட்டகையில் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் குனிந்து வணங்கினாள். முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது.

“தூங்கலையா?”

“மூணு நாளாச்சு மாஸ்டர்.”

விஷயம் இதுதான். வினோதா என்று ஒரு பிள்ளை, பிசிக்ஸ் கடைசி வருஷம். மூன்று வருஷமும் செண்பகவல்லியிடம் படித்து பிரவுன் பெல்ட் வாங்கியவள். தன்னைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள ஆளை அலுங்காமல் தூக்கிப் போடுவாள். போன வாரம் லேபில் அவளுடைய பிராஜெக்ட் கைடு, ஐம்பது வயது மனுஷன், கதவைச் சாத்திவிட்டு அவள் மேல் கை வைத்திருக்கிறான். பிள்ளை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. யாரோ வந்து கதவைத் தட்டுகிறவரைக்கும் மரம் மாதிரி நின்றிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத் துணிந்து புகார் எழுதிக் கொடுத்தாள். நாளைக்கு விசாரணை. செண்பகவல்லியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“உன்னை எதுக்குக் கூப்பிடுதாங்க?”

“இந்தப் பிள்ளையால ஒரு ஆம்பளையை அடிச்சுத் தள்ள முடியுமா முடியாதான்னு கேக்கதுக்கு. முடியும்னு சொன்னா, அப்ப ஏன் அடிக்கலை, இஷ்டப்பட்டுத்தான் நின்னிருக்கான்னு முடிச்சிருவாங்க. முடியாதுன்னு சொல்ல வழியில்ல மாஸ்டர். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சர்டிபிகேட் இருக்கு. அந்த ஆளே தேடி எடுத்துக்கிட்டுப் போய் விசாரணைக் கமிட்டியில வச்சிருக்கான்.”

பாருங்கள் கூத்தை. பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று கொடுத்த காகிதம் யார் கையில் போய் நிற்கிறது.

“அவ பொய் சொன்னான்னு முடிவாச்சுன்னா?”

“மறுநாளே அந்த ஆளு வகுப்புக்கு வந்திருவான். இவ படிப்பு அதோட போச்சு. அவங்க அப்பா இப்பவே ஹாஸ்டல்ல வந்து பெட்டியைக் கட்டச் சொல்லிட்டாரு.” செண்பகவல்லி ஒரு எட்டு முன்னால் வந்தாள். “எல்லாப் பிடியும் சொல்லிக்கொடுத்தேனே. நான் எதைச் சொல்லிக்கொடுக்காம விட்டேன்? அதை மட்டும் சொல்லுங்க மாஸ்டர்.”

மாஸ்டர் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அவள் முன்னால் வந்து நின்றார்.

“கையைக் கொடு.”

கொடுத்தாள். அவர் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார்.

“எட்டயபுரம் பஸ்ஸு இப்ப எத்தனை மணிக்கு?”

“ஒன்பதரைக்கு மாஸ்டர்.”

அவர் இன்னும் கொஞ்சம் வளைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியே டேங்க் மேல் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டமா இருக்குமோ?”

“ஞாயித்துக்கிழமை... இருக்காது மாஸ்டர்.”

விரல் ஒடிந்துவிடும் போலிருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. உதட்டைக் கடித்தாள். கையை இழுக்கவில்லை. அவர் தானாக விட்டபோது விரல் சிவந்து தடித்திருந்தது. அதை இன்னொரு கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“இந்தப் பிடியிலருந்து எப்படி வெளிய வரணும்?”

“முழங்கையைத் தாழ்த்தி, அவன் பக்கமா ஒரு எட்டு வச்சுத் திரும்பணும்.”

“பிள்ளைகளுக்கு எப்பச் சொல்லிக்கொடுப்பே?”

“முதல் மாசமே.”

“நீ ஏன் பண்ணலை?”

“நீங்க மாஸ்டராச்சே.”

“வலிக்கலையா?”

“உசுரு போச்சு.”

“விடுங்கன்னு வாயைத் திறந்து சொல்லலாமே.”

“தோணவே இல்ல மாஸ்டர். ஏதோ காரணமாத்தான் செய்யுதீங்கன்னு நெனச்சேன். எம்மேலதான் ஏதோ தப்புன்னு...”

பாயில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அழவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்து, அந்த லேபை நினைத்து அழுதாள். மாஸ்டர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“மூணு வருஷமா அவன் உள்ள வந்தா எந்திரிச்சு நின்ன பிள்ளை. சார்னு கூப்பிட்ட வாய்” என்றார்.

“இதுக்கு என்ன பிடி இருக்கு மாஸ்டர்?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்சா உனக்குச் சொல்லியிருக்க மாட்டேனா?”

அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது.

“நாளைக்குப் போய் இதைச் சொல்லுதேன். இந்த விரலைக் காட்டிச் சொல்லுதேன். இவ்வளவு தெரிஞ்ச எனக்கே கை வரலைன்னு சொல்லுதேன். அப்ப நம்பித்தானே ஆகணும்?”

மாஸ்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளை முதல்ல யாருகிட்ட வந்து சொல்லிச்சு?”

“எங்கிட்டத்தான். புகார் எழுதுறதுக்கு முந்தின நாளு.”

“நீ என்ன கேட்டே?”

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். கீழே தெருவில் ஒரு ஆட்டோ கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

“ஏன் அடிக்கலைன்னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“எந்திரிச்சுப் போயிட்டா. இப்ப நான் போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கா.”

“கமிட்டியில எத்தனை பேரு?”

“ஏழு பேரு மாஸ்டர்.”

“அந்தப் பிள்ளைக்குக் கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்த உனக்கே விரலை வளைச்ச பெறகுதான் வெளங்குச்சு” என்றார் சூசை மாஸ்டர். “அந்த ஏழு பேருக்கும் யாரு வளைக்கிறது?”