இரண்டு வாக்கு, ஒரு கதவு

முதலில் ஒரு பேரம். இந்தக் கதையில் எதுவும் ஒளிக்கப்படவில்லை. அதற்கு ஈடாகப் படிக்கிறவர்கள் கடைசியில் வரும் விடைக்குத் தாவக் கூடாது. சம்மதமா? சரி.

கரூரில் மருதாத்தாள் வருகிறாள் என்றால் நூல் வியாபாரிகள் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். கழிவுத் துணி மூட்டையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள், இன்று இருபது தறிகளுக்குச் சொந்தக்காரி. கோபம் மூக்கு நுனியில். ஆனால் கையில் அடித்துக் கொடுத்த வாக்கை ஒருநாளும் மாற்றியதில்லை. பள்ளிக்கூடம் பார்க்காதவளுக்கு அதுதான் பட்டம்.

அவள் கட்டிய புதிய தறிக்கூடத்துக்கு மரவேலை செய்தவர் சித்தையா ஆசாரி. கூலியை இழுத்து இழுத்துப் பேசியவள், கடைசியில் முன்சுவரில் வரவேண்டிய சன்னலையே வேண்டாம் என்று வெட்டிவிட்டாள்.

"சன்னல் இல்லாத கட்டடம் கண்ணில்லாத மூஞ்சி, அம்மிணி."

"கண்ணு நூல் மேல இருந்தாப் போதும், ஆசாரியாரே."

பேரத்தில் தோற்ற ஆசாரி, தன் ஆத்திரத்தைக் கதவில் காட்டினார். யாரும் கேட்காமலே, கூலியும் இல்லாமல், தேக்குக் கதவின் நடுவில் ஒரு சுவஸ்திகத்தை ஆழமாகச் செதுக்கினார். நடுவில் கூட்டல் குறி. அதன் நான்கு கைகளும் சாண் நீளம்; நான்கும் ஒரே சுற்றாக மடங்கி, மேலும் ஒரு சாண் ஓடி நின்றன. ஒரு கை நின்ற இடத்துக்கும் அடுத்த கை மடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சாண் வெறும் மரம். அழகான வேலை. மருதாத்தாளே கிட்டப் போய்த் தடவிப் பார்த்தாள்.

"சுவஸ்தின்னா நல்லா இருன்னு அர்த்தம். அந்தக் காலத்துல கல்வெட்டு வெட்டுனவன் 'ஸ்வஸ்திஸ்ரீ'ன்னு வெட்டிட்டுத்தான் ராசா பேரையே வெட்டுவான். சமணருக்கும் இது சாமி, பௌத்தருக்கும் சாமி, நம்ம பிள்ளையாருக்கும் சொந்தம். இதை அழிக்கக் கூடாது, மூடக் கூடாது, கதவைக் கழற்றக் கூடாது. என் கையில அடிச்சு வாக்குக் குடுங்க அம்மிணி."

அடித்தாள். அது முதல் வாக்கு.

கதவை முதன்முதலாகத் தள்ளித் திறக்க அழைக்கப்பட்டவர் ஹாலந்து நாட்டு மீரியம். பதினெட்டு வருஷத்துக்கு முன், மருதாத்தாளின் துண்டுகளை எவரும் தொட்டுக்கூடப் பார்க்காதபோது, முதல் நூறு துண்டை வாங்கியவர். இருவருக்கும் நடுவே பாஷை பாதி இங்கிலீஷ், பாதி விரல். சன்னலை வெட்டிய சாமர்த்தியத்தைக்கூட அவரிடம் பெருமையடித்திருந்தாள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கதவைப் படம் பிடித்து அனுப்பினாள். விடுதியிலிருந்து உடனே போன் வந்தது.

"மருதா, நான் பின்வாசல் வழியாக வரட்டுமா?"

"பின்வாசல்ல குப்பை வண்டிதான் வரும். ஏங்க்கா?"

மீரியம் சொன்னார்: "நாங்கள் யூதர்கள். உலகப் போர்க் காலத்தில் இந்தக் குறியைச் சாய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. என் அம்மா வீட்டுக் கதவைத் தட்டியது. அந்த வீட்டில் அம்மா மட்டும்தான் மிஞ்சினார். உங்கள் குறி அவர்களுடையதைவிட எவ்வளவோ மூத்தது. என் தலைக்கு அது தெரியும். கைக்குத் தெரியவில்லை, மருதா. கதவைத் தள்ள அது வராது."

"திருட்டுப் பசங்க! கும்புடுற சாமானைக் களவாண்டு போயி ரத்தத்துல முக்கியிருக்கானுங்களே!" என்று சீறினாள் மருதாத்தாள். சீறிய வேகத்திலேயே, "நாளைக்குப் பத்து மணிக்கு முன்வாசல்லதான் வர்றீங்க. சாத்தின கதவை நீங்கதான் தள்ளுறீங்க. அந்தக் குறி உங்க கண்ணுல படாது. இது என் வாக்கு" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வாக்கு இரண்டு, கதவு ஒன்று.

ஆசாரியைக் கூப்பிட்டு மீரியம் சொன்னதை அப்படியே சொன்னாள். "ஒரு பெரிய மாலை தொங்கவிட்டா?"

"அது மூடுறதுதானே?"

"குறியைக் கொஞ்சம் சாய்ச்சு..."

"அந்தக் களவாணிக சாய்ச்ச மாதிரியா?" ஆசாரி சிரித்தார். "விடுங்க அம்மிணி, ஒரு வாக்கு போனா என்ன? கரூர்ல நாலு பேரு சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து கதவை முறைத்தாள். கையிலிருந்த காப்பி ஆறி ஆடை கட்டியது. விரல் மட்டும் படிமேல் கிடந்த மரத்தூளில் அந்தக் குறியைப் போட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஆசாரியாரே, நீங்க போட்ட நிபந்தனை மூணுதானே? நாலாவது கிடையாதே?"

"கிடையாது."

"அப்ப உளியை எடுங்க."

மாலைக்குள் வேலை முடிந்தது.

மறுநாள் பத்து மணி. ஊர் பார்க்க ஆசாரி தன் பழைய கோடுகளை விரலால் தடவினார். "நான் வெட்டுன கோடு ஒண்ணுகூடக் குறையல. மேல ஒரு பூவிதழ்கூட இல்ல. கதவும் அதே கதவு. அம்மிணி வாக்கைக் காப்பாத்திட்டாங்க."

மீரியம் வந்தார். தயங்கித்தான் வந்தார். சாத்திய கதவை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். "மருதா! பேரத்தில் வெட்டினாயே, அதைக் கடைசியில் வைத்துவிட்டாயா!" உள்ளங்கையைக் கதவின் நட்டநடுவில் பதித்துத் தள்ளினார்.

இப்போது சொல்லுங்கள்: மருதாத்தாள் ஆசாரியை என்ன வெட்டச் சொன்னாள்? இரண்டு வாக்கில் எதையாவது மீறினாளா?

விடை: ஒரு தாளில் சுவஸ்திகம் போட்டு, ஒவ்வொரு கை நின்ற இடத்திலிருந்தும் அடுத்த கை மடங்கும் இடத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாண் நீளத்தில் நாலே கோடு. சுவஸ்திகம் போய் நாலு கட்டம் வைத்த சன்னல் நிற்கும்! அழிக்கவில்லை, மூடவில்லை, கழற்றவில்லை. ஆனாலும் மீரியம் கண்ணில் பட்டது சன்னல்தான். எந்த வாக்கும் மீறப்படவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மருதாத்தாளே உண்மையைப் போட்டு உடைத்தாள்; வாக்கைக் காத்தவளுக்கு ஒளிக்கத் தெரியாது. மீரியம் எழுந்து போய்ச் சன்னலுக்குள் இருந்த பழைய கோடுகளை விரலால் ஒருமுறை முழுக்கத் தொடர்ந்தார். "நல்லா இரு என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு வந்து, இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார். ஆசாரி மட்டும் விடவில்லை. "சன்னல் வச்சாச்சு அம்மிணி. சன்னல் கூலி?"

"காத்து வர்றப்பச் சொல்லுங்க, தர்றேன்" என்றாள் மருதாத்தாள்.