மோட்டார் இல்லாமல் ஒரு பதிவு

மெஹர்நிசாவுக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஆறுச்சாமிக்கு நாற்பத்தெட்டு. ஆசிரியர் மாணவரை சார் என்று அழைப்பார். மாணவர் ஆசிரியரை மேடம் என்று அழைப்பார். ஏழு ஆண்டுகளாக இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

ஆறுச்சாமி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னியல் பாடம் நடத்தினார். சனிக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் கோவைக்குப் பேருந்து ஏறி வந்து, மெஹர்நிசாவின் பல்கலைக்கழகத் துறையில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தார்.

அவர் செய்தது ஒரு பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு மைக், ஒரு சிப். சிப்புக்குள் ஒரு சின்ன செயற்கை நரம்பு வலை. ஓடும் மோட்டாரின் பக்கத்தில் வைத்தால் பத்து விநாடி கேட்கும். மோட்டாரின் தண்டைத் தாங்கும் பேரிங் நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். தேய்ந்திருந்தால் சிவப்பு. தேய்மானம் என்றால் என்ன என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. நல்ல மோட்டார்களையும் கெட்ட மோட்டார்களையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். வித்தியாசத்தை அதுவே கண்டுகொண்டது.

ஆய்வை முடிக்கத் தந்த ஏழாண்டுக் கெடு ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை காலை, ஆறுச்சாமி ஆய்வுச் சுருக்கத்தின் ஆறு பிரதிகளை ஸ்பைரல் போட்டு எடுத்துக்கொண்டு மெஹர்நிசாவின் அறைக்கு வந்தார். மேசைமேல் வைத்து, விளிம்புகளைத் தட்டி நேராக்கினார்.

"மெயில்ல அனுப்பினதை சனிக்கிழமையே படிச்சுட்டேன் சார்."

"அப்பக் கையெழுத்துப் போட்டுருங்க மேடம். பதிவாளர் ஆபீஸ்ல பன்னெண்டரைக்கு மேல வாங்க மாட்டாங்க."

மெஹர்நிசா பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

ஆறுச்சாமி கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்தார்.

"ஏனுங்க மேடம், தொண்ணூத்தெட்டு புள்ளி ஏழு சதவீதம் சரிங்க. நூறு தடவை கேட்டா ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் தப்பாகுது. அதுக்கு மேல என்னங்க சந்தேகம்?"

"மோட்டார் இல்லாம உங்க பெட்டியக் கேக்க விட்டிருக்கீங்களா?"

ஆறுச்சாமி சிரித்துவிட்டார். "மோட்டார் இல்லாம அது என்னத்தைங்க கேக்கும்?"

மெஹர்நிசா ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "பெட்டிய எடுத்துக்கங்க. ஷெட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்."

ஆறுச்சாமி பிரதிகளையும் மடிக்கணினியையும் பெட்டியையும் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். படிக்கட்டில் இறங்கும்போது சொன்னார்.

"ஜூன் மாசத்துக்குள்ள பட்டம் வரலைன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டாருங்க எங்க தாளாளர்."

"சொன்னீங்க சார்."

"எங்கிட்டப் படிச்ச பையந்தான் இப்ப எனக்குத் துறைத் தலைவர். தெனமும் காத்தால கேக்கறான், 'என்ன சார், இன்னைக்காவது டாக்டர்னு கூப்பிடலாமா'ன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இன்னைக்கு சொன்னனுங்க. வெள்ளிக்கிழமையில இருந்து கூப்பிடுடான்னு."

துறைக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட பழைய ஷெட் இருந்தது. பேரிங் தேய்ந்த மோட்டார்கள் பன்னிரண்டு அங்கே சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்டில் எண். லேப் டெக்னீசியன் பத்ரப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கோ ஒரு டக் சத்தம்.

"வாங்க வாத்தியாரே. அம்மாவையும் கூட்டியாந்துட்டீங்க. ஸ்வீட்டு எங்க?"

"வெள்ளிக்கிழமை பத்ரப்பா."

"ஏழு வருஷமா நானும் ஒரு வெள்ளிக்கிழமையைத்தான் பாத்துட்டு இருக்கறேன்."

மெஹர்நிசா கேட்டார்: "அண்ணா, எதாவது மோட்டார் ஓடுதா?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. மூணு நாளா எல்லாம் சும்மாதான் கெடக்குது."

மோட்டார்களை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் இரும்பு மேசை காலியாக இருந்தது. மெஹர்நிசா அதைக் காட்டினார். ஆறுச்சாமி பெட்டியை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்து மடிக்கணினியோடு இணைத்தார். மூன்று பேரும் பேசாமல் நின்றார்கள். மின்விசிறி டக், டக் என்றது.

பத்தாவது விநாடி சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: பழுது, தொண்ணூற்றாறு சதவீதம்.

பத்ரப்பன் குனிந்து ஸ்டூலைப் பார்த்தார். "என்னங்க, இதுக்கும் பேரிங் போயிருச்சா?"

ஆறுச்சாமி மறுபடி வைத்தார். சிவப்பு. பெட்டியைத் திருப்பி வைத்தார். சிவப்பு. பிறகு சுவிட்ச் போர்டுக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினார். இறக்கைகள் நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை பெட்டி தடுமாறியது. சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு. ஐம்பத்தெட்டு சதவீதம்.

சுவிட்சைப் போட்டு ரெகுலேட்டரை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பினார். மின்விசிறியின் வேகம் ஏற ஏறத் திரையில் சதவீதமும் ஏறியது. ஐந்துக்கு வந்தபின்னும் அவர் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"புது லேப்புக்குப் போலாம் சார்," என்றார் மெஹர்நிசா.

புது லேப் முதல் மாடியில் இருந்தது. பத்ரப்பனும் கூடவே ஏறி வந்தார். குளிரூட்டப்பட்ட அறை. தரையில் முகம் தெரியும் டைல்ஸ். அங்கேயும் மேசை காலியாகத்தான் இருந்தது. பெட்டி பத்து விநாடி கேட்டது. பச்சை. தொண்ணூற்றொன்பது சதவீதம்.

"ரெண்டாயிரத்து நானூறு பதிவுங்க மேடம்," என்றார் ஆறுச்சாமி. "ரெண்டாயிரத்தை வெச்சுப் பழக்கினேன். மீதி நானூறு அது ஒரு தடவைகூடக் கேக்காதது. தனியா எடுத்து வெச்சு, அதுலதானுங்க சோதிச்சேன். முறைப்படிதான் செஞ்சேன்."

"அந்த நானூறை எங்க வெச்சு எடுத்தீங்க?"

"நல்ல மோட்டாரெல்லாம் இங்கீங்க. கெட்டதெல்லாம்..."

அவர் முடிக்கவில்லை. பத்ரப்பன் முடித்தார்.

"அங்க. நாந்தானே தூக்கித் தூக்கி வெச்சேன். எண்ணெ ஒழுகற மோட்டார் ஒண்ணும் இந்த லேப்புக்குள்ள வரக்கூடாதுன்னு நம்ம துறைத் தலைவர் உத்தரவு. தரச்சான்றுக் குழு வர்றாங்கன்னு போட்ட டைல்ஸாச்சே. பேரிங் போன மோட்டார் ஒழுகாம இருக்குமா?"

உத்தரவு கதவில் இன்னும் ஒட்டியிருந்தது. ஆறு வருடத்தில் காகிதம் மஞ்சளாகியிருந்தது. தலைவரின் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

ஆறுச்சாமி பெட்டியைக் கையில் எடுத்துத் துடைத்தார். அதில் தூசி இல்லை.

"வெறும் ரூமைக் காட்டினா அதுக்குக் குழம்பத்தானுங்க செய்யும். மோட்டார் வெச்சாச் சரியாச் சொல்லும்."

"வெச்சுப் பாப்போம்."

"இங்கீங்களா?" என்றார் பத்ரப்பன். "அம்மா, கதவுல இருக்கறதைப் பாத்தீங்கல்ல?"

"கையெழுத்துப் போட்டவர் இந்த வாரம் ஊர்ல இல்லண்ணா."

"அவரு திரும்பி வருவாருங்களே."

"நான் பேசிக்கறேன். ஒன்பதாம் நம்பர் மோட்டாரைக் கொண்டு வாங்க."

பன்னிரண்டில் அதுதான் மோசம். தள்ளுவண்டியில் ஏற்றி, சாய்தளத்தில் பத்ரப்பன் இழுக்க ஆறுச்சாமி பின்னாலிருந்து தள்ளினார். மேசையில் வைத்து அடியில் கழிவுப் பஞ்சைத் திணித்தார்கள். ஆறுச்சாமி இணைப்புக் கொடுத்தார்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் மேசை அதிர்ந்தது. கல்லோடு அரிசியைக் கிரைண்டரில் போட்டதுபோலச் சத்தம். மின்னியல் படிக்காதவர்கூட ஓடி வந்து நிறுத்தியிருப்பார். எதிர் அறையிலிருந்து யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள்.

பத்து விநாடி ஆனது. பச்சை விளக்கு எரிந்தது. நலம், தொண்ணூற்றேழு சதவீதம்.

"வாத்தியாரே, இதுக்குக் காது..." என்று தொடங்கிய பத்ரப்பன், ஆறுச்சாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆறுச்சாமி மோட்டாரை அணைத்தார். அறையில் குளிரூட்டியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஏழு வருஷமா இது என்னத்தைங்க கத்துக்கிச்சு?"

"அந்த ஃபேனை," என்றார் மெஹர்நிசா.

ஆறுச்சாமி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"ஆய்வைப் படிக்கப்போற நடுவருங்க ஒருத்தர் டெல்லி. இன்னொருத்தர் வெளிநாடு. ரெண்டு பேருமே அந்த ஷெட்டுக்கு வரப்போறதில்லீங்க."

"வர மாட்டாங்க."

"போன வருஷம் மாநாட்டுல இதே பேப்பரை ஏத்துக்கிட்டாங்க. மூணு பேர் படிச்சாங்க. அவங்களுக்குத் தெரியல."

"அதுல என் பேரும் இருக்கு சார். எனக்கும் தெரியல. ஏழு வருஷத்துல அந்த ஷெட்டுக்குள்ள நான் காலெடுத்து வெச்சது இன்னைக்குத்தான்."

"அப்புறம் எப்படீங்க சந்தேகம் வந்துச்சு?"

"உங்க சுருக்கத்துல பதினேழாம் பக்கம். எந்த மோட்டாரை எந்த ரூம்ல வெச்சு எடுத்தீங்கன்னு அட்டவணை போட்டிருக்கீங்க. மாநாட்டுப் பேப்பர்ல இடம் பத்தலைன்னு அதை எடுக்கச் சொன்னது நாந்தான்."

ஆறுச்சாமி தலையாட்டினார். அந்த அட்டவணையைப் போடாமல் விட்டிருந்தால் என்ன என்று அவர் நினைத்தாரா என்பது தெரியவில்லை.

"பேப்பரைத் திரும்ப எடுத்துக்கறோம்னு மாநாட்டுக்கு இன்னைக்கு எழுதிடறேன்," என்றார் மெஹர்நிசா. ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இது கால நீட்டிப்பு விண்ணப்பம். ஒரு வருஷம் தருவாங்க. உங்க பேரை மட்டும் எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள இதைக் கொண்டு வந்தாலும் சரி, அந்த ஆறு காப்பியக் கொண்டு வந்தாலும் சரி. எதுவானாலும் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

ஆறுச்சாமி விண்ணப்பத்தைத் தொடவில்லை.

"வருஷம் கெடைக்குங்க மேடம். ஜூன் கெடைக்காது."

மெஹர்நிசா ஃபைலை மூடினார்.

"அய்யய்யோ," என்றார் பத்ரப்பன்.

ஒன்பதாம் எண் மோட்டாரிலிருந்து எண்ணெய் கசிந்து, பஞ்சைத் தாண்டி, மேசை விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்தது. டைல்ஸில் ரூபாய் நாணய அளவில் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு கோடாகிக் கதவுப் பக்கம் நகர்ந்தது. பத்ரப்பன் துணி தேடினார். பேப்பர் தேடினார். செய்தித்தாளை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வண்டில ஏத்திக் கீழ கொண்டு போயிரலாமுங்களா?"



ஆறுச்சாமி பையைத் திறந்து பிரதிகளில் ஒன்றை எடுத்தார். ஸ்பைரலின் நுனியை நிமிர்த்தி, வளையம் வளையமாகத் திருகி உருவினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மண்டியிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் பரப்பினார். முதல் தாளில் அவர் பெயர் இருந்தது. அதற்கடுத்த தாளில், தடித்த எழுத்தில் அந்தச் சதவீதம். எண்ணெய் முதலில் ஓரத்தைத் தொட்டது. பிறகு மெதுவாக உள்ளே ஏறி எழுத்துகளுக்கு அடியில் பரவியது.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டுவதுபோல பேன்ட்டின் முழங்காலைத் தட்டிக்கொண்டார். மோட்டாரை மறுபடி ஓடவிட்டார். மடிக்கணினியில் புதிதாக ஒரு கோப்புறையைத் திறந்து, முதல் பதிவுக்குப் பெயர் கொடுத்தார். மோட்டார் ஒன்பது, புது லேப், திங்கள் காலை. பத்ரப்பன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு நகர்ந்து நின்றார்.

பத்து விநாடி ஆனது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆறுச்சாமி அதைப் பார்க்கவில்லை. மைக்கை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து அடுத்த பதிவைத் தொடங்கினார்.

பத்துப் பதிவுகள் முடிந்தபின் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குனிந்து தாள்களைப் பார்த்தார். எல்லாம் ஊறியிருந்தன.

"இன்னும் அஞ்சு காப்பி இருக்குதுங்க மேடம்," என்றார்.

மெஹர்நிசா தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஷெட்டுல இன்னும் பதினோரு மோட்டார் இருக்கு சார்."