தண்ணீர் லாரி நிழலில் பட்டணம்

ஊசிமேட்டுப்பட்டியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் பிறந்துவிட்டதுதான் சங்கடம். மூத்தவர் உச்சிமாகாளி, நடுவுள்ளவர் கொண்டல்சாமி, கடைக்குட்டி வேலாண்டி. மூவருக்கும் சேர்த்து ஒரே தங்கச்சி, செண்பகவல்லி. அண்ணன்மார் மூவரும் அவள் சொல்லைத் தட்டியதே கிடையாது. ஒருநாள் அவள், "அடுப்புல பால் இருக்கு, பொங்குதான்னு பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். பால் பொங்கியது. மூவரும் பார்த்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லியின் மகள் தன்ஷிகாவுக்கு வயது பதினாறு. முகத்தில் பாதியை மறைக்கும் வட்டக் கண்ணாடி. மீதிப் பாதியில் எப்போதும் ஒரு சலிப்பு. பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்திரண்டு எடுத்திருந்தாள். "நல்ல மார்க் வாங்கினா மெட்ராஸ் காட்டுறேன்" என்று அம்மா எப்போதோ வாய்தவறிச் சொல்லிவிட்டாள். தன்ஷிகா கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. மெரினா கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று கடலையும் ஊரையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். கூடப் படிக்கும் சுசித்ரா போன வருடம் அங்கே நின்று எடுத்த போட்டோவை இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா மஸ்கட்டில். அம்மாவோ தையல்காரி, மே மாதத்தில் அவள் தலைக்கு மேல் பள்ளிச் சீருடைகள். ஆகவே தாய்மாமன்கள் மூவரும் துணைக்குக் கிளம்பினார்கள். கோவில்பட்டி ஸ்டேஷனில் ஜன்னல் கம்பி வழியாகச் செண்பகவல்லி சொன்னாள்.

"அண்ணே, கத்திரி வெயிலு. நிழல்லயே நடங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க என்ன குடுத்தாலும் வாங்காதீங்க. புள்ள மேல வச்ச கண்ண எடுக்காதீங்க."

"நீ நிம்மதியா இரு தங்கச்சி" என்றார் உச்சிமாகாளி. அதைக் கேட்டதும் அவளுக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் போய்விட்டது.

காலையில் எழும்பூரில் இறங்கியதும் மாமன்கள் வேலையைத் தொடங்கினார்கள். பெரிய மாமா தன்ஷிகாவுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார், அப்போதுதானே கண் அவள் மேல் இருக்கும். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் நண்டு மாதிரி வந்தார்கள். பெரிய மாமா ஒரு தள்ளுவண்டி மேலும், ஒரு தூண் மேலும், ஒரு கல்யாணப் பார்ட்டி மேலும் மோதினார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

வேலாண்டிக்கு ஒரு சந்தேகம். "அண்ணே, கண்ண இமைச்சா அது எடுத்த கணக்கா, எடுக்காத கணக்கா?"

உச்சிமாகாளி யோசித்தார். "மூடுற நேரம் பாக்கலதான?"

"பாக்கல."

"அப்ப எடுத்த கணக்குதாம்லே. ஒருத்தன் இமைச்சா மத்த ரெண்டு பேரும் முழிச்சுக்கிடணும். இமைக்கதுக்கு முன்னாடி சத்தமாச் சொல்லிருங்க."

அதன்பிறகு மூவரும், "நான் இமைக்கேன்", "இப்ப நான்", "பொறுலே, நான் இன்னும் தொறக்கல" என்று சத்தம் போட்டபடி ஒரு பெண்பிள்ளையை உறுத்துப் பார்த்துக்கொண்டே போனால், ரயில்வே போலீஸ் என்ன, பூச்செண்டா கொடுக்கும்? ஒரு போலீஸ் அம்மா லத்தியோடு குறுக்கே வந்து நின்றார்.

"யோவ், பொம்பளப் புள்ளைய ஏன்யா இப்படி முறைக்கிறீங்க? ஏம்மா, இவங்க யாரு? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

தன்ஷிகாவின் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாக்கப்பில் நல்ல நிழல் இருக்கும், மாமன்களுக்கும் குறை இருக்காது. பெரிய மாமாவின் நெற்றியில் தூண் மோதிய இடம் எலுமிச்சை அளவு வீங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மனசு இளகியது.

"மாமாங்கதான் மேடம். என்னால எதுவும் பண்ண முடியாது, கூடப் பொறந்தது எங்க அம்மா."

போலீஸ் அம்மா தன்ஷிகாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் வெயில் எட்டு மணிக்கே உச்சந்தலையைச் சோதித்தது. பஸ் ஸ்டாப் எதிரிலேயே இருந்தது. ஆனால் நடுவில் இருந்த சாலை முழுக்க வெயில்.

"மாமா, பத்தடிதான். ஓடிப் போயிரலாம்."

"அம்மா என்னா சொன்னா? நிழல்லயே நடக்கணும்னா. எல்லாத்துக்கும் ஒரு நிழல் வரும், பொறு" என்றார் கொண்டல்சாமி.

வந்தது. ஒரு தண்ணீர் லாரி. நெரிசலில் அது ஊர்ந்தது. அதன் பக்கத்தில் ஒரு வீடு அளவுக்கு நிழலும் ஊர்ந்தது. மாமன்கள் தன்ஷிகாவை இழுத்துக்கொண்டு அந்த நிழலுக்குள் புகுந்தார்கள். லாரி மெதுவாகப் போனால் நடந்தார்கள், வேகமாகப் போனால் ஓடினார்கள். லாரி இடது பக்கம் திரும்பியதும் நிழல் முன்பக்கம் போனது. இவர்களும் முன்பக்கம் போனார்கள். மெரினா கிழக்கே இருந்தது. லாரி மேற்கே போனது. அதற்கு லாரியைக் குறை சொல்ல முடியாது. அதை யாரும் சுற்றுலா போகச் சொல்லவில்லை.

ஆக, மாமன்கள் அன்று காலையில் மருமகளுக்குக் காட்டிய சென்னை இதுதான்: பதினொரு தெருக்கள், ஏழு சின்டெக்ஸ் தொட்டிகள், லாரியின் பின்பக்க வால்வு. தெருவுக்குத் தெரு குடத்தோடு நின்றவர்கள், வரிசையில் இடையில் புக வந்த கும்பல் இது என்று இவர்களை விரட்டினார்கள். "எங்களுக்குத் தண்ணி வேண்டாம்மா, நிழல் போதும்" என்றார் வேலாண்டி. அதை யாரும் நம்பவில்லை.

ஒரு தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். கறிவேப்பிலை மிதக்கிற பானை. வாசனை தெருவுக்கே வந்தது. தன்ஷிகாவின் தண்ணீர் பாட்டில் எப்போதோ காலி. மோர் கொடுத்த அம்மா டம்ளரை நீட்ட, கொண்டல்சாமி நடுவில் கையை வைத்து மறித்தார்.

"வேண்டாம். உங்கள எங்களுக்குத் தெரியாது."

"மோருதானேப்பா? விஷமா குடுக்குறேன்?"

"மோராத்தான் இருக்கும். ஆனா வாங்கக் கூடாது."

தன்ஷிகா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த மூன்று பேரிடமும் நியாயம் பேசிப் புண்ணியமில்லை, அவர்கள் பாஷையிலேயே பேச வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மாமா, அம்மா வாங்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? குடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து வாயைத் திறந்தாள். மோர் அம்மா சிரித்தபடி ஊற்றினார்.

மாமன்கள் அசந்துபோனார்கள். "நானூத்தி எழுபத்திரண்டு மார்க்குன்னா சும்மாவா" என்றார் பெரிய மாமா. பிறகு மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காக்காக் குஞ்சுகள் மாதிரி வரிசையாக வாயைத் திறந்தார்கள்.

நண்பகலில் நிழல் லாரிக்கு அடியில் போய்விட்டது. மாமன்களும் குனிந்து அடியில் போகப் பார்க்க, கிளீனர் வாளியை எடுத்துக்கொண்டு துரத்தினான். ஓடிவந்து ஒதுங்கிய இடம் ஒரு பஸ் ஸ்டாப். கூரைக்குக் கீழே நிழல். சுற்றி நாலு பக்கமும் வெயில். பஸ்கள் வந்தன, நின்றன, போயின. ஏற வேண்டுமானால் இரண்டடி வெயிலைத் தாண்ட வேண்டும். அப்படித் தாண்டித் தங்கச்சிக்குத் துரோகம் செய்ய மூவரும் தயாராக இல்லை.

ஒரு மணி ஆனது. இரண்டானது. மூன்றரையும் ஆனது.

"கலங்கரை விளக்கத்த அஞ்சு மணிக்கு மூடிருவாங்க மாமா" என்று தன்ஷிகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, ஈரம் கண்ணில்தான் இருந்தது. "ஏழேகாலுக்கு நமக்கு ரயிலு. பஸ் ஸ்டாப்பப் பாத்துட்டு வந்தேன்னு சுசித்ராகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

மருமகள் அழுதால் மாமன்களுக்குத் தாங்காது. வேலாண்டி தன் துண்டை நீட்டினார். அப்போது ஒரு ஆட்டோ கூரையை உரசினாற்போல் வந்து நின்றது. தன்ஷிகா சட்டென்று எழுந்தாள்.

"மாமா, ஆட்டோவுக்கு உள்ள என்ன இருக்கு?"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். "நிழல் இருக்கு."

"அப்ப ஏறுங்க."

"இரும்மா. நிழல்ல நடக்கணும்னுல சொன்னா? உக்காரச் சொல்லலையே" என்றார் கொண்டல்சாமி.

"உக்காந்துக்கிட்டே நடங்க மாமா!"

நடந்தார்கள். ஆட்டோ கிளம்பியதும் மூன்று ஜோடிக் கால்கள் இடது, வலது என்று தட்டத் தொடங்கின. டிரைவர் இரண்டு சிக்னல் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் திரும்பினார்.

"இன்னா சார், வண்டிய ஏன் மிதிக்கிறீங்க?"

"நடக்குறோம்."

"எங்க நடக்குறீங்க?"

"மெரினாவுக்கு."

டிரைவர் முன்பக்கம் திரும்பி வண்டியை விரட்டினார். இறங்கும்போது தன்ஷிகாவிடம் மட்டும், "பத்திரம் பாப்பா" என்றார்.

மணி நாலே முக்கால். கலங்கரை விளக்கத்தின் நிழல் நீளமாக விழுந்திருந்ததால் கவுண்ட்டர் வரை போவதில் சிக்கல் இல்லை. சிக்கல் கவுண்ட்டரில் இருந்தது. உள்ளே இருந்தவர் நாலு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். மாமன்கள் மூவரும் ஒரே சமயத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மோர் என்றால் வாயில் ஊற்றலாம்; டிக்கெட்டை என்ன செய்வது? தன்ஷிகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தெரியாதவங்க குடுத்தாத்தானே வாங்கக் கூடாது?" என்றார் உச்சிமாகாளி திடீரென்று. "தெரிஞ்சவங்களா ஆக்கிருவோம்." ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். "தம்பிக்குப் பேரு என்ன?"

"என்னது? ஜெயசிங்கு. டிக்கெட்டப் புடிங்க சார், டைம் ஆச்சு."

"சொந்த ஊரு?"

"ஆவடி."

"கல்யாணம் ஆயிருச்சா? பொண்ணு எந்த ஊரு?"

பின்னால் நின்ற வரிசை கத்தியது. மணி நாலு ஐம்பது. கத்தலுக்குப் பயந்து ஜெயசிங் எல்லாவற்றையும் சொன்னார்: இரண்டு குழந்தைகள், மாமியாருக்கு மூட்டுவலி, மனைவியின் அக்காவைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"சாத்தூரா!" என்று மூவரும் துள்ளினார்கள். "அட, நம்ம பக்கத்து ஊரு! மொதல்லயே சொல்லக் கூடாதா மாப்ள? குடுங்க டிக்கெட்ட!"

தன்ஷிகா உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. "அஞ்சு நிமிஷம்தான்" என்றார் காவலாளி. காற்று வந்து முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் முடிவே இல்லாமல் கடல். மறுபக்கம் முடிவே இல்லாமல் வீடுகள். காலையில் அவள் துரத்தி ஓடிய லாரி அந்த வீடுகளுக்கு நடுவில் எங்கேயோ இப்போதும் ஊர்ந்துகொண்டிருக்கும். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுசித்ரா போட்டோவில் இந்தக் காற்று இல்லை.

மாமன்கள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன்."

"எதுக்கும்மா? உன் கண்ணாடியிலயே தெரியுதே" என்றார் வேலாண்டி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, மெட்ராஸ்ல கடல் ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. ரெண்டு இருக்கு" என்றார்.

"பெரிய ஊருல்லா" என்றார் உச்சிமாகாளி.

ஏழு மணிக்கு எழும்பூர். ரயில் நின்றுகொண்டிருந்தது. செண்பகவல்லி போனில் வந்தாள். "அண்ணே, மொதல்ல புள்ளைய ரயில்ல ஏத்தி விட்டுட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மாமன்கள் தன்ஷிகாவை ஏற்றினார்கள், பையை ஏற்றினார்கள், பிளாட்பாரத்தில் நின்று போனைப் போட்டார்கள். லைன் பிஸி. மறுபடியும் போட்டார்கள். ரயில் கூவியது. நகர்ந்தது.

"ஏறுங்க மாமா!" என்று ஜன்னலில் கத்தினாள் தன்ஷிகா.

"போன் பண்ணிட்டு வாரோம்மா!"

ரயிலின் கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகுதான் லைன் கிடைத்தது.

"புள்ள ஏறிட்டாளா அண்ணே?"

"ஏத்தி விட்டாச்சு தங்கச்சி. கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் பாத்துட்டுத்தான் நிக்கோம்."

"நிக்கோம்னா? நீங்க ஏறலையா?"

"எங்கள ஏறச் சொல்லலையே நீ."

செண்பகவல்லி ஊசியைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். ரயிலில் தன்ஷிகாவுக்கு எதிர் சீட்டில் விருதுநகர்க் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் கொடுத்த சப்பாத்தியை இரண்டு கையாலும் வாங்கித் தின்றுகொண்டே, "அம்மா, நாலு சீட்டும் எனக்குத்தான். காலையிலயிருந்து இப்பத்தான் சென்னை டூர் நல்லா இருக்கு" என்றாள் தன்ஷிகா.

பெருமூச்சு விட்டுவிட்டு அண்ணன்மாருக்கு மறுபடியும் பேசினாள் செண்பகவல்லி. "சரி, ஆனது ஆச்சு. அடுத்த ரயிலையாவது ஒழுங்காப் புடிங்க."

அரை மணி நேரத்தில் அடுத்த ரயில் வந்து நின்றது. செண்பகவல்லியின் போன் அடித்தது. பெரியண்ணன் மூச்சிரைக்கப் பேசினார்.

"தங்கச்சி, புடிச்சிட்டோம். முன்னாடி நான், நடுவுல கொண்டலு, பின்னாடி வேலாண்டி. மூணு பேரும் கம்பிய இறுக்கிப் புடிச்சிருக்கோம். ரயிலு அசையல. ஆனா யாரோ ஒருத்தரு பச்சைக் கொடிய ஆட்டுதாரு. நீ சொல்லாம நாங்க விடுறதா இல்ல."