கோட்டை கட்ட விடாத நண்டுத்துறை

ஒரு கடலோரத்துல ஒரு குட்டி ஊரு இருந்துச்சு. நண்டுத்துறைன்னு பேரு. அதுக்குத் தலைவி மங்காயி. அவகிட்ட இருந்ததெல்லாம் கட்டுமரமும் வலையும்தான். ம் சொல்லணும், என்ன?

வடக்க ஒரு பெரிய ராசா. "உங்க ஆத்து வாயில கோட்டை கட்டப்போறேன்"னு தளபதியைக் கப்பல்ல அனுப்பிட்டாரு. கோட்டை வந்துட்டா, மீன்புடிக்கப் போகக்கூட அவருகிட்டதான் கேக்கணும்.

"அக்கா, ஈட்டியை எடுப்போமா?"ன்னான் மங்காயி தம்பி செம்பான்.

"எடுத்தா சண்டைடா. சண்டை வந்தா ஊரே சாம்பல். நாம அடிச்சோம்னு அவங்க சொல்லவும் கூடாது, அவங்க இங்க நிம்மதியா இருக்கவும் கூடாது."

அப்புறம் கப்பல் வந்துச்சு, சளக் புளக், சளக் புளக். பாத்தா கடல் பூரா வலை! "தள்ளுங்கடா!"ன்னு தளபதி கத்துனாரு.

"மீன்பாடு நல்லாருக்கு சாமி, இந்தா இழுத்துடுறோம்"னா மங்காயி. இழுத்தாங்க, இழுத்தாங்க, பொழுது சாயுற மட்டும் இழுத்தாங்க. கப்பல் திரும்பிருச்சு.

ம். அப்புறம் மறுபடி வந்துச்சு. ஆழம் காட்ட ஆத்து வாயில கழி நட்டிருப்பாங்கல்ல, அது எடம் மாறிக் கெடந்துச்சு. கப்பல் தொம்முனு சேத்துல உக்காந்துருச்சு!

"எவன்டா மாத்துனது?"

"அலை சாமி, பொல்லாத அலை"ன்னு சொல்லிட்டு, மங்காயியே கயிறு கட்டி இழுத்தும் விட்டா, எளநியும் வெட்டிக் குடுத்தா.

மூணாந்தடவை தளபதி கரையில எறங்குனாரு. விறுவிறுன்னு வந்து செம்பானைப் பளார்னு அறைஞ்சாரு. அவன் திருப்பி அடிக்கணும், அதையே சாக்கா வச்சு ஊரைக் கொளுத்தணும். அதான் அவரு நெனப்பு. செம்பான் கை ஈட்டிக்குப் போச்சு. மங்காயி ஓடிப்போய் அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டா.

"வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா."

"எனக்கும்தான்டா. பொறுத்துக்க."

ஊரே கையைக் கட்டி நின்னுச்சு, தளபதி மூஞ்சியையே பாத்துக்கிட்டு. ஒருத்தரும் அசையல. தளபதியோட ஆளுங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரு சாக்கும் கெடைக்காம அவரும் கப்பல் ஏறிட்டாரு.

ராசாவுக்குச் சேதி போச்சு. "சண்டையும் இல்ல, கோட்டையும் இல்ல, கப்பல்தான் பாழாகுது"ன்னு. "சரி, விட்டுட்டு வா"ன்னுட்டாரு.

மங்காயி துணியைச் சுடவச்சுத் தம்பி கன்னத்துல ஒத்தடம் குடுத்தா. "மறுபடி வருவாங்களாக்கா?"ன்னான்.

"வரலாம்டா. வந்தா பாத்துக்கலாம். இப்போ கடல் நம்மளது, வலையைத் தூக்கு."

ரெண்டு பேருமா கட்டுமரத்தைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

ம் காணோமே? கதை கரை சேந்துருச்சு, கண்ணை மூடு தங்கம்.